பிறையின் மையம்

“சொந்த அண்ணி செஞ்ச பீஸையே ரிஜெக்ட் பண்றாளே, இவளெல்லாம் ஒரு நாத்தனாரா?”

“நாத்தனார்னா வேற எப்படி இருப்பா?”

டீ நேரத்துச் சிரிப்பு, அளவு பார்க்கும் அறையின் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளேயும் கேட்டது. உள்ளே இருந்தவள் நிமிரவில்லை. தொழிற்சாலையில் அவளுக்கு ‘மைக்ரான்’ என்றுதான் பேர்; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டீக்குச் சர்க்கரையைக்கூட அளந்துதான் போடுவாளாம்.

அவளுடைய அண்ணன் மனைவி, பாக்கிங்கிலிருந்து இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷினுக்கு மாறிய முதல் பெண். மெஷினில் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, குழாயைத் தாங்கும் பிறை வடிவ இரும்புத் துண்டு. அளவு மெஷின் அந்த வளைவைத் தொட்டுப் பார்த்து, வட்டத்தின் மையம் எங்கே என்று கணக்கிடும். துளைகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்பதை அந்த மையத்திலிருந்துதான் பார்ப்பார்கள்.

திரை சிவப்பாகக் காட்டியது. துளைகள் தள்ளியிருந்தன.

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சூண்டு வித்தியாசம்தானேம்மா? பாஸ்னு கையெழுத்துப் போட்டுடு. இல்லேன்னா உங்க அண்ணியை மறுபடி பாக்கிங்குக்கே அனுப்பச் சொல்லிட்டார் முதலாளி.”

“சிவப்புக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

“என்ன, வீட்ல சண்டையா?”

அவள் அடுத்துச் செய்த காரியம்தான் எல்லோரையும் வாயைப் பிளக்க வைத்தது. கஸ்டமர் கம்பெனிக்கு அவளே போன் செய்து, அவர்களுடைய இன்ஜினீயரை வரவழைத்துவிட்டாள்.

“காட்டியும் குடுத்துட்டியா?” அண்ணி கதவருகே வந்து நின்றாள். கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. “என் மேல அப்படி என்னடி கோவம் உனக்கு?”

“உள்ள வாங்க அண்ணி. உங்க பீஸ். நீங்களும் இருக்கணும்.”

இன்ஜினீயர் பார்த்திருக்க, துண்டைப் பொருத்தி அளந்தாள். சிவப்பு. துண்டை அசைக்காமலே மறுபடி அளந்தாள். சிவப்புதான், ஆனால் எண் வேறு. இன்னொரு முறை. இந்தத் தடவை பச்சை!

“பீஸ் இருந்த இடத்துலயே இருக்கு சார். மையம்தான் ஓடுது.”

இன்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “முழு வட்டத்துல இது ரொம்பச் சின்ன வளைவு. தொடுறதுல தூசி அளவு பிசகினாலும் மையம் எங்கேயோ போயிடும். இப்படி அளக்கச் சொன்னதும் நாங்கதான். முழு வட்டமா இருந்தா இந்தத் தொல்லையே இல்ல.”

“முழு வட்டம் நான் தர்றேன். முறையை நீங்க மாத்தித் தர்றீங்களா?”

குழாயின் அளவுக்கே துல்லியமாகத் தேய்த்த உருளை ஒன்றை எடுத்து, அதன்மேல் துண்டை உட்காரவைத்து இறுக்கினாள். இப்போது மெஷின் வளைவைத் தொடவில்லை. துண்டுக்கு வெளியே நீட்டியிருந்த உருளையைச் சுற்றிச் சுற்றித் தொட்டது.

பச்சை. மறுபடி அளந்தாள். அதே எண். பெட்டியில் இருந்த துண்டுகள் அத்தனையும், ஒன்று விடாமல், பச்சை.

“மாத்திட்டோம்னு எழுதிக்கோங்க!” என்ற இன்ஜினீயர், அண்ணியின் எண்ணெய்க் கையையே பிடித்துக் குலுக்கினார். “இந்த வேலையை இனிமே இவங்களே பண்ணட்டும்.”

“நான் அப்பவே சொன்னேன் சார், நம்ம பொண்ணு கை தப்பாதுன்னு!” என்றார் சூப்பர்வைசர்.

கதவுக்கு வெளியே கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள்.

“படுபாவி! பீஸ் மேல தப்பில்லைன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. காலையிலேயே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா எனக்கு இந்தப் பாடு உண்டா?”

“போட்டிருந்தா, நாத்தனார் தயவுல மெஷின் ஓட்டறவள்னு ஆயுசுக்கும் சொல்லியிருப்பாங்க. இப்ப ஒருத்தர் சொல்லட்டும் பார்ப்போம், அண்ணி!”