வேப்பமரத்தடி

மாறன் பல் துலக்கினான், பால் காய்ச்சினான், காபி கலந்தான். ஒரு டம்ளரை மாமியார் சரசுவிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"மாப்ள, டங்ஸ்டன் தாது எடுக்க இன்னிக்கு நம்ம கொல்லையில துளை போடறாங்களாமே. வேங்கிக்கால்ல அந்தச் சுரங்க ஆபீசுலதானே வேலையில இருக்கீங்க, நிறுத்தக் கூடாதா?"

"நாளைக்கு நாட்டுக்கு வேணும் அத்தே. எப்பவும் வெளிநாட்டையே நம்பி இருக்க முடியுமா?"

"வேப்பமரத்தடிய மட்டுமாவது விடச் சொல்லுங்க."

"அங்கதான் ஜாஸ்தி. கல்லைப் பாத்துக் கண்டுபிடிச்சவளே ஜியாலஜி படிச்ச உங்க பொண்ணுதான்."

"அய்யோ, அங்கதானே அவளைப் பொதைச்சிருக்கோம்!"

சொந்த நிலத்தில்தான் அடக்கம் என்று எல்லோரும் ஒற்றைக்காலில் நின்ற அன்றே மாறன் வேண்டாம் என்று சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் மனைவி கடைசியாகச் சொன்னது அதுதான்.

"என்னை நம்ம கொல்லையில மட்டும் பொதைச்சுடாதீங்க. என்னிக்காவது தோண்டுவாங்க."