தூங்குமூஞ்சி மரத்தில் மோட்டார் ரம்பம்

"ஏறுடா, நல்லா ஏறு. மலைமேல இருக்கறவரு பாத்துகினுதான் இருக்காரு. நீ முழுசா எறங்கறியான்னு நானும் பாக்கறேன்."

எல்லம்மாள் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்தாள். சரவணப் பொய்கைக்குப் போகும் வழியில், தூங்குமூஞ்சி மரத்தடியில் அவள் இட்லிக் கடை. கூரை, சுவர், விலாசம் எல்லாமே அவளுக்கு அந்த மரம்தான். இடத்துக்காரர் சடகோபன் அங்கே லாட்ஜ் கட்டப் போகிறார். மரம் போனால் கடையும் போச்சு.

மரம் வெட்ட வந்த துளசிங்கம் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். மரம் வெட்டப் போகிற இடத்தில் திட்டு வாங்குவது அவனுக்குப் புதிதில்லை. மோட்டார் ரம்பம்தான் புதிது. சடகோபன் மெட்ராஸிலிருந்து வரவழைத்தது. தரையில் கிடந்த கட்டைகளை அறுத்துப் பழகியிருந்தான். அதை மரத்தின்மேல் கொண்டுபோவது இன்றுதான் முதல் தடவை.

அக்கா புருஷன் கஜபதிதான் கீழே கயிறு பிடிக்கிறவன். துளசிங்கத்தின் இடுப்பில் கட்டிய கயிறு மேலே ஒரு கிளைக் கவட்டையில் ஏறி இறங்கி, அடிமரத்தை ஒரு சுற்று சுற்றி அவன் கைக்கு வரும்.

"பாவா, மிசின் ஓடறப்ப நான் கத்தினாலும் ஒனக்குக் கேக்காது. ஒரு சுண்டு சுண்டினா தளர்த்து. ரெண்டு சுண்டினா இறுக்கிப் புடி."

"ஆங், எல்லாம் தெரியும். நீ ஏறு."

குரலில் கொஞ்சம் புளிப்பு. மிஷினை முதலில் தான் ஓட்ட வேண்டும் என்று கஜபதிக்கு ஆசை. துளசிங்கத்துக்கும் அது தெரியும்.

மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினான். உயரத்தில் காலை ஊன்றிக்கொண்டு, ரம்பத்தைத் தனிக் கயிற்றில் மேலே இழுத்துக் கிளையில் கட்டினான். ஸ்டார்ட்டர் கயிற்றைச் சுண்டி இழுத்ததும் மிஷின் உறுமியது.

அவ்வளவுதான், உலகத்தின் வாய் அடைத்துக்கொண்டது.

எல்லம்மாளின் திட்டு இல்லை. பஸ் ஹாரன் இல்லை. தூரத்தில் ரேணிகுண்டா பக்கம் போகிற ரயில் சத்தமே இல்லாமல் ஊர்ந்தது. மலைப்படிகளில் மஞ்சள் வேட்டிக்காரர்கள் காவடியோடு மிதந்துகொண்டு போனார்கள். வாய் அசைந்தது, அரோகரா கேட்கவில்லை. மரத்தூள் ரவை மாதிரி பறந்து வெயிலில் மின்னியது.

வெட்டிய கிளைகூடத் தலையணை விழுகிற மாதிரிதான் விழுந்தது.

உடம்பில் பாரமே இல்லாதது போலிருந்தது அவனுக்கு. தூக்கத்தில் பார்க்கிற ஊர் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான். சந்தோஷமாக இருந்தது. இத்தனை சந்தோஷம் ஆகாதே என்று லேசாகப் பயமாகவும் இருந்தது.

அடுத்த கிளை கொஞ்சம் எட்டத்தில் இருந்தது. கயிற்றை ஒரு சுண்டு சுண்டினான்.

தளரவில்லை.

மறுபடி சுண்டினான். கயிறு கல் மாதிரி நின்றது.

"பாவா, விடுய்யா" என்று கத்தினான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால் கீழே இலைதான் தெரிந்தது, ஆள் தெரியவில்லை.

வயிற்றெரிச்சல் பிடித்தவன். மிஷின் தன் கைக்கு வரவில்லை என்று வேண்டுமென்றே இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேலையைக் கெடுக்கிறான். கீழே போய் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறேன் என்று கறுவிக்கொண்டே, எட்டின மட்டும் உடம்பை நீட்டி ரம்பத்தை வைத்தான்.

ரம்பம் ஒரு கணுவைக் கடித்துத் திமிறி எகிறியது. கால் வழுக்கியது.

விழவில்லை. இறுக்கமாக நின்ற கயிறு, ஒரு சாண்கூட இறக்காமல் அவனை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டது. ரம்பம் தன் கயிற்றில் தொங்கி, இருமி, அணைந்தது.

சத்தமெல்லாம் திரும்பி வந்தது. கோயில் மணி, காக்கை, பஸ். எல்லாவற்றுக்கும் மேலே அவன் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம்.

கேட்ட மாதிரி தளர்த்தியிருந்தால் இந்நேரம் வேர்மேல் கிடந்திருப்பான். காலைக் கிளையில் மாட்டி, மரத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். கஜபதியை நினைத்தது எல்லாம் தப்பு. கீழே போனதும் காலில் விழுந்துவிட வேண்டும்.

"பாவா, எறங்கறேன். பைய வுடு."

கயிறு கொஞ்சம் கொஞ்சமாக, பயந்து பயந்து இறங்கியது.

கால் தரையில் பட்டதும் திரும்பினான்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது எல்லம்மாள்.

இடுப்பைச் சுற்றிக் கயிறு. வேரில் முட்டுக்கொடுத்த கால். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. பின்னால் அடுப்பில் இட்லிப்பானை தண்ணீர் வற்றித் தீய்ந்துகொண்டிருந்தது.

"பாவா எங்கக்கா?"

"பீடி வாங்கப் பூட்டான். மிசின் சத்தம் வர்ற வரைக்கும் இவனுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு, கயித்த அப்படியே போட்டுட்டு நடையக் கட்டிட்டான்."

"நான் தளர்த்தச் சொல்லிச் சுண்டினேனே."

"எனக்கின்னா தெரியும் ஒன் சுண்டலு? நீ இழுக்க இழுக்க, வுழப் போறான்னு நெனச்சு இன்னும் கெட்டியாப் புடிச்சேன்."

துளசிங்கம் அவள் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"காலையிலேருந்து எனக்குச் சாபம் குடுத்துகினு இருந்தியே, நீ ஏங்க்கா புடிச்ச?"

எல்லம்மாள் இன்னும் கயிற்றை விடவில்லை. மலையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, யாருக்கோ கேட்டுவிடப் போகிறதே என்பது போலக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆத்திரத்துல வாய்க்கு வந்தத சொல்லிட்டேன் நைனா. அவரு அத நெசம்னு எடுத்துகினார்னா?"