நூற்றுப்பதினேழாம் வரி

பிழையை அன்ரனெற் கண்டுபிடித்தபோது நான் மேசைக்கடியில் முழங்காலில் இருந்தேன். நான்காவது தடவையாகக் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"அன்புராசா அண்ணை, கேபிளில ஒண்டும் இல்லை. பிழை எங்கட பக்கம்தான்."

மூன்று கிழமைகளாக நான் தேடிய பிழை அது.

எங்கள் மிசிசாகா அலுவலகக் கணினியில் ஓடும் டிபக்கர் என்ற பிழைதேடும் மென்பொருள், கேபிளின் மறுமுனையில் இருக்கும் சர்க்கிட் போர்ட்டிடம் அதன் புரொசெசருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும். போர்ட் தன் ரெஜிஸ்டர்கள் என்ற சின்னச் சேமிப்பறைகளில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நீளச் சரமாக அனுப்பும். நாங்கள் அதை நான்கு நான்கு பைட்டாக வெட்டிக்கொண்டிருந்தோம். புதிய புரொசெசரில் சில ரெஜிஸ்டர்கள் எட்டு பைட். அவற்றுக்குப் பின்னால் வந்த எல்லாமே இடம் மாறித் தெரிந்தன.

அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண், ஒரு காலைப்பொழுதில் கண்டுவிட்டாள்.

மனேஜர் அவளுக்குக் கைகொடுத்தார். பிற்பகல் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு முன் அவள் எழுதிய திருத்தத்தைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு என்னைக் கடந்து போனார்.

நான் நான்கு வருடம் பெற்றோல் ஸ்ரேஷனில் நின்றபிறகு இந்தக் கதிரைக்கு வந்தவன். அவள் கனடாவிலேயே படித்து நேராக வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் சிரிப்பதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

அச்சடித்த தாள்களைப் பென்சிலும் கையுமாக வரிவரியாக வாசித்தேன். பிழை இருக்கவேண்டும் என்று வாசித்தேன்.

இருந்தது.

நூற்றுப்பதினேழாம் வரி. ரெஜிஸ்டரை வாசிக்கும் இடங்களிலெல்லாம் புது அளவைப் போட்டிருந்தாள். திருப்பி எழுதும் இடத்தில் மட்டும் பழைய நான்கு அப்படியே கிடந்தது.

எழுந்து போய்ச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அவளுக்குத் திருத்த இரண்டு நிமிடம்.

"எல்லாம் சரி," என்று தாள்களை நீட்டினேன்.

"தாங்ஸ் அண்ணை. நீங்கள் பார்த்தால் எனக்குப் பயமில்லை."

இரண்டு மணிக்கு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ரெஜிஸ்டர்கள் எல்லாம் திரையில் சரியாக வந்தன. தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர், ஒரு ரெஜிஸ்டரின் மதிப்பை மாற்றிக் காட்டமுடியுமா என்று கேட்டார்.

அன்ரனெற் தட்டினாள். போர்ட் உறைந்துபோனது. நிறுத்தி மறுபடி தொடக்கினாள். மறுபடி உறைந்தது.

கோட்டை மாட்டிக்கொண்டு அவர்கள் போகும்வரை எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் தாள்களைப் புரட்டினாள். ஓரிடத்தில் நின்று, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, நெடுநேரம் பார்த்தாள்.

மனேஜர் என் பக்கம் திரும்பினார். இதை நீ பார்க்கவில்லையா என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் சரிபார்த்த பிறகு ஒரு வரியை நான் மாற்றிவிட்டேன். என் அவசரம். என் பிழை.

அப்படி அவள் எதையும் மாற்றவில்லை. என் கவனக்குறைவை மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மனேஜர் அந்த வேலையை அவளிடமிருந்து எடுத்து என்னிடம் தந்தார்.

ஐந்து மணிக்கு அவள் தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நூற்றுப்பதினேழாம் வரி மேலே தெரியும்படி மடித்திருந்தாள். அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். பென்சில் கோடு இல்லை, அழுத்தின தடம் மட்டும்.

நான் நன்றாகத்தான் அழித்திருந்தேன்.