வராத போட்டோ

போடிமெட்டுச் சரிவில், செல்போன் சிக்னல் எட்டாத இடத்தில் மாசானத்தின் வீடு. பெண் பார்க்க வருகிற நாளாகப் பார்த்து இன்டர்நெட் படுத்துவிட்டது. தரகர் அனுப்பிய மாப்பிள்ளை போட்டோ வந்து சேரவில்லை.

“மொகம் தெரியாத ஆளு முன்னாடி வந்து நிக்க மாட்டேன்” என்று மகள் முத்துப்பிரியா அப்பாவின் போனோடு அறைக்குள் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் பைக் நின்றது. இறங்கிய இளைஞன், “ஐயா, நான் வந்து…” என்று ஆரம்பித்தான்.

“பேச்செல்லாம் பெறகு அப்பு. நெட்டு ரிப்பேருன்னு காலையிலயே ஆள்கிட்டச் சொல்லிவிட்டேன், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? வெரசா சோலியப் பாரு!” என்று மாசானம் மேசைக்கடியில் இருந்த ரவுட்டரைக் காட்டினார்.

இளைஞன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசைக்கடியில் நுழைந்தான்.

“ரவுட்டர் ஒயரு கழண்டிருக்குங்க. மேசையை நகட்டுனீங்களா?”

“மாப்பிள்ளை வர்றார்னு வீட்டைக் கூட்டுனோம்.”

“அப்ப தப்பு மாப்பிள்ளை மேலதான்.”

ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. அறைக்குள் போன் ஒலித்தது. வெளியே ஓடி வந்த முத்துப்பிரியா போட்டோவைப் பார்த்தாள், மேசைக்கடியில் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு போனை அப்பாவிடம் நீட்டினாள்.

மாசானம் போட்டோவைப் பார்த்ததும் மேசையருகே ஓடினார். “மாப்ளே! நீங்களா? எந்திரிங்க!”

“இருங்க மாமா. அப்பாவும் அம்மாவும் ஜீப்புல பின்னாடி வர்றாங்க. அதுக்குள்ள இந்த ஒயரைக் கட்டி வச்சிடுறேன்.”

“அவருக்குக் காப்பி நான் போடுறேன்ப்பா” என்று முத்துப்பிரியா அடுக்களைக்கு ஓடினாள்.