திரைக்கு வெளியே ஒரு பெட்டி

அருமைநாயகம் தன்னோட லினக்ஸ் கம்ப்யூட்டர்ல டெஸ்க்டாப்ங்கிற வேலைப் பரப்பை மானிட்டரை விட ரெண்டு மடங்கு அகலமா வச்சுட்டாரு. மவுஸ் அம்பு ஓரத்துல போய் முட்டுனா, மறைஞ்சிருக்கிற பக்கம் நகர்ந்து வரும். இந்த ஏற்பாட்டை அவரு மானிட்டர்கிட்ட சொல்லல.

திரையில ஒரு வேலை விண்ணப்ப லெட்டர் அழுதுக்கிட்டு இருந்துச்சு. "அம்பண்ணே, என்னை மூடச் சொல்லிட்டாரு. சேமிக்கவான்னு கேக்குற பெட்டியக் காணோம். அதுல 'ஆமா'வை அமுக்காம கம்ப்யூட்டரை அணைச்சா நான் அழிஞ்சே போயிடுவேன்."

"பெட்டி வலது பக்கம் வெளியில நிக்குதோ என்னமோ"ன்னு அம்பு சொல்லுச்சு.

மானிட்டர் சிரிச்சுச்சு. "வெளியிலயா? நான் முடியிற எடத்துல உலகமே முடிஞ்சுது தம்பி. அதுக்கப்புறம் செவுருதான்."

அம்புக்குக் குழப்பம். செவுத்துல மோதுனா மூக்கு உடைஞ்சிடுமே. ஆனா லெட்டர் அழுறதைப் பாக்க சகிக்காம, போய் வலது ஓரத்துல முட்டுச்சு. திரையில இருந்த அத்தனையும் இடது பக்கமா வழுக்கிட்டு வெளியே போச்சு. பெட்டி வந்து நின்னுச்சு.

"அப்பாடா, ஆள் வந்தாச்சு! லெட்டரைச் சேமிக்கவா?"ன்னு பெட்டி கேட்டுச்சு.

மானிட்டர் தன்னை ஒரு தடவை மேலயும் கீழயும் பாத்துக்கிச்சு. "எந்த லெட்டரு? அப்படி யாரும் இங்க இல்லையே."

அம்பு திரும்பிப் பாத்துச்சு. நெஜமாவே லெட்டர் இல்ல. இப்ப தன்னை அண்ணேன்னு கூப்பிட்டது யாருன்னு அதுக்கே சந்தேகம் வந்துருச்சு.

"லெட்டர் இல்லேன்னா ஒண்ணும் கெட்டுப்போகல. இருந்துட்டா பாவமாச்சே"ன்னு சொல்லிக்கிட்டே 'ஆமா'வை அமுக்குச்சு.