டப்பாவில் மிச்சம்

நிமோனியாவுக்கு மூன்று நாளாக ஊசி போட்டும் மாமனாரின் ரத்த அழுத்தம் எழுபதைத் தாண்டவில்லை. சோடியமும் சர்க்கரையும் இறங்கிக்கொண்டே இருந்தன. இப்படியே போனால் நாளை வரை தாங்காது என்று என்னிடம் சொல்லிவிட்டு, டாக்டரம்மா அவர் காதருகே குனிந்தார்.

“அய்யா, வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டீங்களா? மறைக்காதீங்க.”

“மாப்பிள்ளைய வெளிய அனுப்புங்க. சொல்றேன்.”

நான் நகரவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அகிலாவோட ஆஸ்துமா மாத்திரைதாம்மா. மூணு மாசமா. வீணாப் போகுதேன்னு எடுத்தேன். முழங்கால் வலி பறந்தே போச்சு. போன வாரம் தீர்ந்துடுச்சு.”

என் மனைவி அகிலா இறந்த பிறகு அந்த மருந்து டப்பாவை நான் திறக்கவே இல்லை. வாராவாரம் தூசி தட்டியதோடு சரி.

“அது ஸ்டீராய்டு. தினமும் போட்டா உடம்பு அதத் தானாச் சுரக்கறத விட்டுடும். திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் சாய்ச்சுடும்” என்ற டாக்டரம்மா, ஸ்டீராய்டையே ஊசியில் ஏற்றச் சொன்னார். மாலைக்குள் அழுத்தம் நூற்றிப்பத்தைத் தொட்டது. மாமனார் இட்லி கேட்டார்.

ஊட்டிக்கொண்டே கேட்டேன்: “அந்த டப்பாவுல அவ இன்ஹேலரும் இருந்துச்சே மாமா?”

அவர் சட்னியைப் பார்த்தபடி சொன்னார்: “அது இன்னும் பத்து நாளைக்கு வரும் மாப்ள.”