லீவ் என்றொரு வினைச்சொல்

"லீவ்னா என்ன அர்த்தம்?" திரையைப் பார்த்துக் கேட்டார் மாப்பிள்ளை நைனா முகமது.

"பள்ளிக்கூட லீவுதானே தம்பி?" என்று முந்திக்கொண்டார் பெண்ணின் அத்தா முகைதீன் பிச்சை.

"அது பெயர்ச்சொல் மாமா. நான் வினைச்சொல்லைக் கேக்குறேன்."

1938-இல் காஜிமார் தெரு இப்படியொரு பெண் பார்த்தலைக் கண்டதில்லை. மாப்பிள்ளை திருமங்கலத்தில் இங்கிலீஷ் வாத்தியார். இங்கிலீஷ் தெரிந்த பெண்தான் வேண்டும் என்று பல வரன்களைத் தட்டிக் கழித்தவர். முகம் காட்ட முடியாது, குரலை வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம் என்று முகைதீன் பிச்சை இறங்கி வந்திருந்தார். இந்த இடமும் கைநழுவினால் சாதிகாவின் கல்யாணம் இன்னும் தள்ளித்தான் போகும்.

திரை இடுக்கில் ஒரு கை சர்பத்தை நீட்டியது. கை நிறையக் கண்ணாடி வளையல். கை உள்ளே போய், வளையல் ஓசை ஓரமாக நகர்ந்து அடங்கிய பிறகு பதில் வந்தது.

"கெளம்புறது. ரயிலு மதுரையை லீவ் பண்ணுச்சுன்னா, பொறப்பட்டுருச்சுன்னு அர்த்தம்."

"அம்புட்டுத்தானா?"

"தட்டுல மிச்சம் வைக்கிறதும் லீவ்தான். மவுத்தானவுக சொத்து சொகம்னு விட்டுட்டுப் போறதும் அதான்." குரல் தடுமாறியது. "தனியா விட்டுட்டுப் போறதும் அதான்."

மாப்பிள்ளை சர்பத்தை மறந்துவிட்டார். "யாரு மாமா சொல்லிக் குடுத்தது?"

"மூத்த மருமகன். தபாலாபீசுல இருந்தாரு. காலராவுல மவுத்தாயிட்டாரு. மூத்தவ அமீருன்னிசா இப்ப இங்கதான் இருக்கா." முகைதீன் பிச்சை பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு முகம் பாக்க வேணாம் மாமா. இந்தக் குரல் போதும். இந்தப் பொண்ணு எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதம்."

நாள் குறித்துவிட்டு மாப்பிள்ளை வண்டி ஏறினார்.

திரைக்குப் பின்னால் வளையல்கள் கலகலவென்று ஓடின. சாதிகா அக்காவின் வெள்ளைச் சேலையில் முகம் புதைத்துச் சிரித்தாள். அமீருன்னிசாவின் கண்கள் நிறைந்திருந்தன. தங்கைக்கு வரன் முடிந்த சந்தோஷம் என்றுதான் சாதிகா நினைத்தாள்.

"நிக்காஹ் அன்னைக்குத் திரைக்கு வெளியே நின்னு சம்மதமான்னு கேப்பாகள்ல அக்கா, அதை மட்டும் நானே சொல்லிக்கிறேன்."